முனியாண்டிக்குப் போன ஆறு புட்டி

வைனைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் மொத்தம் பதினொரு நாள். வாழ்க்கையிலேயே நான் நெஞ்சை நிமிர்த்தி நடந்ததும் அந்தப் பதினொரு நாள்தான். பன்னிரண்டாம் நாள் நடந்ததை, கல்யாணமோ காதுகுத்தோ எதுவானாலும், எங்கள் குடும்பத்தில் யாராவது ஒருவர் எடுத்துச் சொல்லாமல் பந்தி முடிவதில்லை. அவர்கள் சொல்வதில் உப்பு, புளி, காரம் எல்லாம் கொஞ்சம் தூக்கல். அதனால் இந்த ஒருமுறை நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மலேசியாவில், ஈப்போ பழைய நகரத்தில் ஒரு பழைய கடைவீட்டில் இருந்த உணவகத்தில் தட்டு தூக்கிக்கொண்டிருந்தேன். (வீட்டில் ‘ஹோட்டல் நிர்வாகம்’ என்று சொல்லி வைத்திருந்தேன்.) முதலாளி ஒரு சீனர். முதலாளியைத் தவுக்கே என்றுதான் எங்கள் ஊரில் கூப்பிடுவோம். அவருடைய அப்பா, நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தின் வாசலில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அதனால் தவுக்கே எங்களைவிட நன்றாகத் தோட்டத்துத் தமிழ் பேசுவார், பேச்சின் வாலில் நாங்கள் ஒட்டும் ‘லா’ உட்பட. திட்டும்போது மட்டும் கண்டனீஸ் சீனத்துக்கு மாறிவிடுவார். தமிழில் திட்டினால் எங்களுக்குப் புரிந்து மனசு சங்கடப்படுமே என்ற நல்லெண்ணம்தான்.

சிம்பாங் பூலாய்ப் பக்கம் சலவைக்கல் அறுக்கிற ஆலைகள் உண்டு. அங்கே உள்ள இயந்திரங்களைப் பழுது பார்க்க வருடத்துக்கு ஒருமுறை இத்தாலியிலிருந்து பியேரோ என்ற எஞ்சினியர் வருவார். வந்தால் சாப்பாடு எங்கள் கடையில்தான். அந்த வருடம் ஒரு புதன்கிழமை வந்தவர், பெட்டியில் ஆறு புட்டி வைன் கொண்டுவந்தார். அவருடைய அண்ணனுக்கு இத்தாலியின் வடகிழக்கு மூலையில் திராட்சைத் தோட்டம். அண்ணனுக்கு ஒரு பைத்தியம்: யாருக்கும் பேர் தெரியாத நாட்டுத் திராட்சைகளாகத் தேடித் தேடிச் சேர்ப்பது.

இத்தாலித் திராட்சை என்றால் உலகத்துக்கு நாலைந்து வகைதான் தெரியும், ஆனால் ஊருக்கு ஊர், மலைக்கு மலை நூற்றுக்கணக்கில் இருக்கிறது என்றார் பியேரோ. விளைச்சல் குறைவு, வளர்க்கச் சிரமம் என்று எல்லாரும் கைவிட்டதில் சில திராட்சைகள் வேலியோரம் ஒன்றிரண்டு கொடியாக மிஞ்சி நின்றனவாம். ஒன்றிரண்டு பிடிவாதக்காரர்கள் அவற்றைத் தேடிக் கண்டுபிடித்து மறுபடி வளர்த்தார்களாம். அந்த ஆறு புட்டியும் அப்படிப்பட்ட ஆறு திராட்சை. டிமொராசோ, வெள்ளை. ரூகே, பூ வாசம். ஸ்கியோப்பெத்தீனோ, மிளகு வாடை. சூசுமனியெல்லோ, இளங்கொடியில் கழுதை மேல் பொதி ஏற்றியது போலக் காய்ப்பது. லாக்ரிமா, பழுத்தால் தோல் வெடித்துக் கண்ணீர்த்துளி போலச் சாறு சொட்டுவது. கடைசியாக டாட்செலெங்கே. அந்தப் பேருக்கே நாக்கை அறுப்பது என்றுதான் அர்த்தமாம்.

கேட்டதும் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ஏன் என்று அப்போது தெரியவில்லை. நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தை விற்று, எண்ணெய்க்குச் செம்பனை நட்டு, பாதி நிலத்தில் வீடும் கட்டிவிட்டார்கள். என் பிறப்புச் சான்றிதழைத் தவிர வேறெங்கும் அந்தத் தோட்டத்தின் பேர் இல்லை. பேர் அழியவிருந்த ஒன்றை யாரோ தேடிப் போய்க் காப்பாற்றினார்கள் என்றதும் எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் இருபத்தாறு வயதில் தொண்டை அடைத்தால் அதை அறிவு என்று நினைத்துக்கொள்வோம். அன்று முதல் கைப்பேசியில் தேடித் தேடிப் படித்தேன். பஸ்ஸில், கழிவறையில், கோழி வெட்டும் இடத்தில் எல்லாம் ஆறு பேரையும் வாய்ப்பாடு போல ஒப்பித்தேன். ஒரு சொட்டு குடிக்கவில்லை. அது தேவை என்றே தோன்றவில்லை.

நான் ஒப்பிப்பதைத் தவுக்கே கேட்டுவிட்டார்.

“சலவைக்கல் ஆளுங்க பன்னெண்டு பேரு அடுத்த ஞாயித்துக்கெழம சாயந்திரம் சாப்பிட வராங்க. பியேரோ இந்த ஆறு புட்டியயும் அன்னிக்குத் தொறக்கச் சொல்லிட்டாரு. ஒவ்வொரு புட்டிக்கும் ஒரு ஆளு எந்திரிச்சு கதை சொல்லணும். நீ சொல்வியா?”

“சொல்வேன் தவுக்கே.”

“நல்லா செஞ்சா இனிமே இங்க வைன் பொறுப்பு ஒனக்கு. சொதப்புனா, ஒங்க அத்தான் தஞ்சோங் மாலிம்ல பாத்து வச்சிருக்காரே கார் பேக்டரி வேல, அதுக்கே போயிடுலா. ரெண்டு மனசா இங்க தட்டு தூக்க வேணாம்.”

அத்தான் பார்த்து வைத்த வேலை நல்ல வேலைதான். ஆனால் பெரிய ஹோட்டல்களில் வைன் ஊற்றுகிறவர்கள் போடும் கறுப்புக் கோட்டை நான் மனதுக்குள் ஏற்கெனவே போட்டுவிட்டேன். கோட்டுப் போட்டவனுக்கு நட்டு முடுக்கப் பிடிக்குமா?

விருந்துக்கு முந்தின வியாழக்கிழமை, வைனைப் பதமான குளிரில் வைக்கும் கடை அலமாரி படுத்துவிட்டது. குளிர்பெட்டியில் வைத்தால் அதிகக் குளிர், வெளியே வைத்தால் ஈப்போ வெயில். தவுக்கே தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோதுதான் என் மூளை வேலை செய்தது. (பின்னாளில் அம்மா இந்த இடத்தில் கதையை நிறுத்தி, “அதுதான் தப்பு” என்பார்.)

“இத்தாலியில குகையிலதான் வைப்பாங்க தவுக்கே. எங்ககிட்டயே குகை இருக்கு.”

இருந்தது உண்மை. தோட்டத்தைக் கம்பெனி விற்றபோது நாங்கள் ஆளுக்கொரு பக்கம் குடிபெயர்ந்தோம். தோட்டத்து முனியாண்டியும் எங்களோடு குடிபெயர்ந்தார். சிம்பாங் பூலாயில் ஒரு சுண்ணாம்புக் குன்றின் அடியில் இருக்கும் சின்னக் குகைதான் அவருக்குக் கிடைத்த புது வீடு. என் தாய்மாமன் வீரப்பன்தான் பூசாரி. வாரநாளில் கல்குவாரி லாரி ஓட்டுவார், செவ்வாய் வெள்ளியில் விபூதி பூசிக்கொள்வார். குகையின் உள்ளறை வெயில் காலத்திலும் சில்லென்று இருக்கும்.

மாமாவுக்குப் போன் போட்டேன். லாரி இரைச்சலுக்கு நடுவே கத்தினார்.

“மாமா, ஒரு பெட்டி குகை உள்ள வைக்கிறேன்.”

“ஞாயித்துக்கெழமக்குத்தானே?”

“ஆமா மாமா, ஞாயித்துக்கெழமக்குத்தான்.”

“நல்லாருப்ப சேகரு. ஒங்கப்பா இருந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு.”

வைன் பெட்டியைக் குகையில் வைப்பதில் செத்துப்போன அப்பாவுக்கு என்ன சந்தோஷம் என்று ஒரு கணம் யோசித்தேன். அப்பாவுக்குக் கள் பிடிக்கும், அதனால் இருக்கலாம் என்று முடிவு செய்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முனியாண்டிக்கு வருடாந்திரப் பூசை என்பது எனக்குத் தெரியாது. குடும்பக் குழுவில் பத்து நாளாக அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்ததாம். காலை வணக்கப் பூக்களின் தொல்லை தாங்காமல் நான் அந்தக் குழுவை எப்போதோ ஊமையாக்கியிருந்தேன்.

மாமா லாரியில் இருந்ததால், கல்லுக்கு அடியில் இருந்த சாவியை எடுத்து நானே பெட்டியை உள்ளறையில் வைத்தேன். பக்கத்தில் அரிசி மூட்டை, எண்ணெய் டின், சுருட்டுக் கட்டு, கறுப்பு பீர் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டு. சீட்டில் யாரோ ஒருவரின் பேர், அவர் குடும்பத்துப் பேர்கள். உபயம் கொடுத்தவர்கள் ஒட்டிய சீட்டுகள். கண்ணால் பார்த்தேன், மண்டைக்குள் ஏறவில்லை. என் பெட்டி தொலைந்துவிடக் கூடாதே என்று நானும் ஒரு சீட்டு ஒட்டினேன். மேலே ‘சேகர், த/பெ சுப்பையா’. கீழே, உள்ளே என்ன இருக்கிறது என்பதற்காக ஆறு திராட்சையின் பேரும், ஒன்றின் கீழ் ஒன்றாக, அழகான தமிழில். கடைசியில் ‘ஞாயிறு’.

பன்னிரண்டாம் நாள் காலை பதினோரு மணிக்கு, கடை வேனை எடுத்துக்கொண்டு பெட்டியை எடுக்கப் போனேன். குன்றுக்கு முன்னால் இருபது கார், ஒரு பந்தல், உறுமி மேளம். வேனை நிறுத்தும்போதே ஒலிபெருக்கியில் மாமாவின் குரல் கேட்டது.

“அடுத்து, சுப்பையா மகன் சேகர் குடும்பத்தார் உபயம். சேகர், கேட்டை நட்சத்திரம். டிமொராசோ… ரூகே… ஸ்கி… ஸ்கியோப்பெத்தீனோ…”

தோட்டத்து ஜனம் நூறு பேர் கைகூப்பி நின்றார்கள். மாமா விடவில்லை. தடுமாறித் தடுமாறி ஆறு பேரையும் வாசித்து, ஆறு பேருக்கும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுள் வேண்டும் என்று முனியாண்டியிடம் கேட்டுக்கொண்டார்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினேன். முனியாண்டியின் காலடியில் ஐந்து புட்டி திறந்திருந்தது. தக்கையை எடுக்கத் தெரியாமல், லாரி ஸ்க்ரூடிரைவரால் உள்ளே குத்தித் தள்ளியிருந்தார்கள். வடக்குத் திராட்சை, தெற்குத் திராட்சை, வெள்ளை, சிவப்பு எல்லாம் ஒரே எவர்சில்வர் வாளியில் கலந்து கிடந்தன. எத்தனையோ பேர் பாடுபட்டுப் பிரித்துக் காப்பாற்றியதை மாமா ஒரே கரண்டியில் கலக்கிக்கொண்டிருந்தார்.

“மாமா, அது உபயம் இல்ல. பத்திரமா இருக்கட்டும்னு வச்சது.”

“சாமிகிட்ட வச்சத விட வேறெங்கலா பத்திரம்?”

“கடை சாமான் மாமா. இன்னிக்கு சாயந்திரம் விருந்து. என் வேலயே இதுலதான் இருக்கு.”

மாமா வாளியைப் பார்த்தார், முனியாண்டியைப் பார்த்தார், பிறகு ஒலிபெருக்கியைக் கையால் மூடிக்கொண்டு என் காதருகே வந்தார். “சேகரு, படைச்சாச்சு. பேரும் வாசிச்சாச்சு. இனி சாமிகிட்ட போயி ‘தப்பா வந்துருச்சு, திருப்பிக் குடு’ன்னு கேக்க நீ யாரு, நான் யாரு? பேசாம கும்பிட்டுக்க.”

கும்பிட்டேன். வேறென்ன செய்வது? ஜனம் டம்ளரோடு வரிசையில் நின்றது. வாளி அரை மணி நேரத்தில் காலி. முன்னாளில் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த ஓர் அக்கா உதட்டைத் துடைத்துக்கொண்டு, “இந்த வருசம் தீர்த்தம் பரவால்ல தம்பி, நெஞ்சு எரியல” என்றார். அந்த ஆறு திராட்சைக்கும் ஈப்போவில் கிடைத்த முதல் விமர்சனம் அதுதான்.

அதற்குள் அம்மா என் கையைப் பிடித்துப் பந்தலுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

“யாருடா அந்த லாக்ரிமா?”

“அம்மா, அது…”

“நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எந்த நாட்டுக்காரியா இருந்தா என்னா? சாமி முன்னால பேரச் சொல்லிட்ட, அதுவே போதும். மத்த அஞ்சு பேரு அவ வீட்டாளுங்களா?” கொஞ்சம் தயங்கி, “இல்ல, புள்ளைங்களா?” என்றார்.

அது திராட்சை என்று சொன்னேன். அம்மா நம்பவில்லை. திராட்சைக்கு யாராவது அர்ச்சனை செய்வார்களா என்று கேட்டார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பால்மரம் வெட்டி என்னைப் படிக்க வைத்த அம்மா, முன்பின் தெரியாத ஒருத்தியையும் ஐந்து பிள்ளைகளையும் இரண்டே நிமிடத்தில் ஏற்றுக்கொண்டு நின்றார். அந்தக் கலவரத்திலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா அதை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார்.

ஒரு புட்டியின் தக்கை மட்டும் ஸ்க்ரூடிரைவருக்கு மசியவில்லை. உபயம் கொடுத்தவருக்குப் பிரசாதத்தில் ஒரு பங்கு போகும் என்பது வழக்கம். அதன்படி மாமா அந்தப் புட்டியை என்னிடம் கொடுத்தார். மேலிருந்து கீழ்வரை சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, கழுத்தில் எலுமிச்சம்பழ மாலை போட்டிருந்தது.

அதைத் தவுக்கேயின் மேசையில் வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். கண்டனீஸுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

“முனியாண்டிக்கா?” என்றார்.

“ஆமா தவுக்கே.”

“படைச்சிட்டாங்களா?”

“படைச்சிட்டாங்க.”

தவுக்கே நாற்காலியில் உட்கார்ந்தார். தோட்டத்து வாசலில் வளர்ந்தவர். முனியாண்டியின் கோபத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு அதிகம் தெரியும். “நான் கோவப்படல” என்று குன்று இருந்த திசையைப் பார்த்துச் சொன்னார். “நான் ஒண்ணும் சொல்லல. நீ கேட்டுக்க, நீதான் சாட்சி.” பிறகு, துணியை எடுத்த என் கையைப் பிடித்தார். “சந்தனத்தத் தொடைக்காத. அப்படியே கொண்டு போ.”

அதனால் புட்டியில் எந்தத் திராட்சை என்று தெரியவில்லை. எனக்குச் சந்தேகமும் இல்லை. பெட்டியில் கடைசி மூலையில் நான் வைத்தது லாக்ரிமா, கடைசியாக மிஞ்சியதும் அதுவாகத்தானே இருக்கும். அது லாக்ரிமாதான் என்று அன்று யாரிடமும் அடித்துச் சொல்லியிருப்பேன்.

ஏழு மணிக்குப் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். ஐந்து புட்டி கடவுளுக்குப் போன கதையைத் தவுக்கே என்னையே சொல்ல வைத்தார். சபை சிரித்தது. பியேரோவும் சிரித்து, கடவுளுக்கு எது பிடித்தது என்று கேட்டார். நிலைமை கைக்குள் வந்துவிட்டது என்று எனக்குத் தெம்பு வந்தது. இந்த ஒரு புட்டியில் நான் யார் என்று காட்டினால் போதும், கறுப்புக் கோட்டு இன்னும் எனக்குத்தான்.

புட்டியைத் திறந்து ஆளுக்கு இரண்டு வாய் ஊற்றினேன். என் கிளாஸைச் சுழற்றி, கண்ணை மூடி, மூக்கை விட்டு மோந்தேன். “இது லாக்ரிமா” என்று ஆரம்பித்தேன். தோல் வெடித்துக் கண்ணீர் சொட்டுவதைச் சொன்னேன். ரோஜா வாசம் என்றேன். பட்டுப் போல நாக்கில் வழுக்கும் என்றேன். சொல்லிவிட்டு ஒரு வாய் குடித்தேன்.

பச்சை வாழைக்காயைக் கடித்தது போல இருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. புளிப்பில் காது வரை கூசியது. அப்போதாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் பதினொரு நாள் படித்தவன் நாக்கை நம்புவானா? நாக்கில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, ஒட்டிய வாயைப் பிரித்து, “ரோஜா” என்றேன் மறுபடியும்.

சலவைக்கல் ஆலையின் கணக்காளர், ஒரு யாழ்ப்பாணத் தமிழர், முகத்தைச் சுளிக்காமல் இருக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார். கிளாஸை மெதுவாக மேசையில் வைத்தார்.

“தம்பி, ரோசாப்பூவைக் காணேல்லை. முள்ளு மட்டும்தான் வந்திருக்கு.”

பியேரோ எழுந்து வந்து, புட்டியை வாங்கி, கட்டைவிரலால் சந்தனத்தைத் துடைத்தார். தவுக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். சந்தனத்துக்கு அடியிலிருந்து டாட்செலெங்கே வெளியே வந்தது. நாக்கை அறுப்பது. பட்டு, ரோஜா என்று நான் பன்னிரண்டு பேருக்கும் அறிமுகப்படுத்தியது அதைத்தான்.

ஐந்து புட்டி போனதற்கு முனியாண்டி மேல் பழி போடலாம். இதற்கு யார் மேல் போடுவது? சமையலறைக்குள் போய், அடியில் மிஞ்சியதை ஊற்றிக்கொண்டு, யாருக்கும் எதுவும் சொல்லாமல் குடித்தேன். முரட்டுப் புளிப்பு. கூடவே கறுப்பாக ஏதோ பழம், மழை பெய்த கல்லின் வாடை. அடங்காத, நேர்மையான ருசி. என் வாழ்க்கையில் நான் குடித்த முதல் வைன் அதுதான்.

மறுநாள் காலை தவுக்கே சாந்தமாகக் கேட்டார். “தஞ்சோங் மாலிம் பஸ் எத்தன மணிக்கு?”

போனேன். பஸ் சிம்பாங் பூலாய்க் குன்றைத் தாண்டும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். இன்று வரை தஞ்சோங் மாலிமில்தான் வேலை, இப்போது எனக்குக் கீழே ஒன்பது பேர் நட்டு முடுக்குகிறார்கள். கோட்டு கிடைக்கவில்லை, நீல உடுப்பு கிடைத்தது.

அடுத்த வருடம் மாமா போன் செய்தார். “சேகரு, உபயம்னு ஒரு தடவ செஞ்சிட்டா விடக்கூடாதுலா. ஆறு புட்டி கொண்டாந்துடு. அதே மாதிரி பேரு தெரியாததா பாத்து கொண்டா, இங்க எல்லாரும் கேக்கறாங்க.” அன்றிலிருந்து வருடத்துக்கு ஆறு. கோலாலம்பூரில் கடை கடையாக ஏறி இறங்கி, வந்த திராட்சை மறுபடி வராமல் தேடுகிறேன். பெலாவெர்கா, தின்தீலியா, நாஷெத்தா, நரிவால் என்று பேர் கொண்ட கோதா தி வோல்பே எல்லாரும் அந்தக் குகைக்கு வந்து போயிருக்கிறார்கள். இப்போது வாளியில் கலப்பதில்லை. பால்மரம் வெட்டிய அந்த அக்கா ஒப்புக்கொள்ள மாட்டார்.

பாரிட் புந்தாரில் எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, பெண்ணின் அப்பா காப்பி கொடுத்த கையோடு, “தம்பிக்கு இத்தாலிப் பக்கம் ஒரு குடும்பம் இருக்குன்னு கேள்விப்பட்டோம்” என்றார். அந்தப் பெண்தான் இன்று என் மனைவி. அது வெறும் திராட்சைதான் என்று மனைவிக்கு இன்னும் முழுசாக நம்பிக்கை வரவில்லை.

கடையை மூடிவிட்ட பிறகு தவுக்கேயும் பூசைக்கு வர ஆரம்பித்தார். விருந்தில் நான் உளறிய கதை அவர் வாய் வழியாகத்தான் குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து எங்கள் வீடுகளில் குழம்பு அடிபிடித்தாலோ ரசம் புளித்தாலோ யாரும் குறை சொல்வதில்லை. “ரோஜா” என்பார்கள். சமைத்தவருக்குப் புரிந்துவிடும்.

இந்த வருடமும் போயிருந்தேன். மாமாவின் குரல் நடுங்குகிறது, ஆனால் திராட்சைப் பேர்களை இப்போது என்னைவிடத் திருத்தமாக வாசிக்கிறார். ஊர் மறந்த ஆறு பேர்களை நூறு பேர் கைகூப்பி நின்று கேட்டார்கள். பன்னிரண்டு பேர் முன்னால் நான் செய்ய ஆசைப்பட்டது இதைத்தான், இதைவிட நன்றாக யாரும் செய்ய முடியாது என்று நினைத்தேன். மனசு நிறைந்து போயிற்று.

பிறகு தவுக்கே டம்ளரோடு வந்தார். “இது எப்படி?” என்றார்.

இப்போதெல்லாம் நான் குடித்துப் பார்க்காமல் வாயைத் திறப்பதில்லை. ஒரு வாய் குடித்தேன். வழியில் காரில் வெயில் பட்டுவிட்டது போல. காடியாகப் புளித்திருந்தது.

“சரியில்ல தவுக்கே. கெட்டுப் போச்சு” என்றேன், உள்ளதை உள்ளபடி, கொஞ்சம் சத்தமாகவே.

மாமா பின்னாலிருந்து என் தோளை அழுத்தினார். “மெதுவா சொல்லுலா. சாமிக்குப் படைச்சது.”

தவுக்கே பயந்து போய் முனியாண்டியைப் பார்த்தார். டம்ளரை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, குகைக்குள் கேட்கும்படி நிதானமாகச் சொன்னார்.

“ரோஜா.”